ஊற்றுத் தண்ணீர்: குருமண்வெளியிலிருந்து கும்புக்கன் ஆறு வரை

முதலாம் நாள் – குருமண்வெளித் துறை

காலை ஆறரைக்கே துறையடிக்கு வந்துவிட்டோம். ஆளையும் வண்டியையும் ஏற்றுகிற பாதைப்படகு அக்கரையில், மண்டூர்ப் பக்கம் நின்றது. மோட்டார் சைக்கிள்கள், இரண்டு மூட்டை நெல், பள்ளிக்கூடப் பிள்ளைகள், நடுவில் எங்கள் வெள்ளைத் தட்டுகளும் போத்தல்களும். வந்தாறுமூலையில் என்னோடு விலங்கியல் படித்த கூட்டாளி இப்போது நுளம்பு ஆய்வில் இருக்கிறாள். நான் உயர்தர மாணவருக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். ஆறு நாள் லீவு எடுத்துக்கொண்டு அவளோடு புறப்பட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. போன தவணையில் வகுப்பில் மலேரியா ஒட்டுண்ணியின் வாழ்க்கை வட்டத்தைக் கரும்பலகையில் வரைந்துவிட்டு, "இந்தக் காய்ச்சல் வந்த ஆள் யாரையாவது தெரியுமா?" என்று கேட்டேன். முப்பத்திரண்டு பிள்ளைகளில் ஒருவர் கூடக் கை உயர்த்தவில்லை. சந்தோசமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சந்தோசத்தோடு ஒரு பயமும் சேர்ந்துகொண்டது.

எங்களோடு வருகிற வெளிக்கள உத்தியோகத்தரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறோம். அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். மருந்தடிக்கும் காலத்திலிருந்து இதே வேலை. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவனும் கூட வருகிறான்.

மட்டக்களப்பு வாவியோரம் மண் எடுத்த பள்ளம் ஒன்றில் முதல் வேலை. அண்ணன் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். "சவர்" என்றார். பிறகுதான் உப்பு அளக்கும் கருவியை வெளியே எடுத்தார்கள். நீண்ட பிடி போட்ட வெள்ளை அகப்பையை நான் தண்ணீரில் விடப் போனபோது தடுத்தார்.

"புள்ள, வெயிலுக்கு முதுகு காட்டிக் குனியாதீங்க. நிழல் பட்டா அடியில போயிரும்."

சுற்றிப் போய் எதிர்ப்பக்கம் நின்று, அகப்பையைச் சரித்து மெதுவாகக் கோரினேன். வெள்ளை அடியில் நாலைந்து கோடுகள், ஒவ்வொன்றும் ஒரு நெல்லுமியின் நீளம் இருக்கும். தண்ணீரின் மேல்தோலில் படுத்தபடி கிடந்தன. வீட்டு வாளியில் காணும் நுளம்புக் குடம்பி மூச்சுக்குழாயை மேலே நீட்டித் தலைகீழாகத் தொங்கும். மலேரியா பரப்பும் அனோபிலிஸ் நுளம்பின் குடம்பிக்கு அந்தக் குழாய் இல்லை, அதனால் கிடைமட்டமாகக் கிடந்தே மூச்சு விடும். சாப்பிடும்போது உடம்பை அசைக்காமல் தலையை மட்டும் முழுதாய்த் திருப்பி, முகத்தை மேற்பரப்புக்குக் காட்டிக்கொள்ளும். இத்தனை வருடம் படிப்பித்த விசயம்தான். உள்ளங்கைத் தூரத்தில் வைத்துப் பார்த்தது இன்றுதான்.

இந்தச் சவர்த்தண்ணீர்க் குடம்பிக்கு ஒரு கதை உண்டு. வெளித்தோற்றத்தை வைத்து இதை நெடுங்காலம் அனோபிலிஸ் சப்பிக்டஸ் என்றார்கள். அதற்குள் ஏ, பி, சி, டி என நான்கு சகோதர இனங்கள். கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும் அவற்றைப் பிரிக்க ஒரு வழி முட்டை. அனோபிலிஸ் முட்டைக்கு இரு பக்கமும் தோணிக்குக் கட்டிய மிதவை போல ஒரு காற்றுப்பை, அதில் வரிவரியாக மடிப்புகள். ஏ இனத்தில் 31 முதல் 36 வரை, கரையோரத்து பி இனத்தில் 16 முதல் 20 வரை. அப்படி எண்ணி "பி" என்று எழுதி வைத்த நம் நாட்டு நுளம்புகளை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சுரேந்திரனும் கூட்டாளிகளும் டி.என்.ஏ கொண்டு சோதித்தபோது, அவற்றில் பல சப்பிக்டஸே இல்லை, தென்கிழக்காசியக் கரைகளில் மலேரியா பரப்பும் சண்டைக்கஸ் குழுவைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. 2010இல் வெளிவந்த ஆய்வு அது. நம் கரையோரத்தில் இருப்பது எது என்பதையே அதுவரை நாம் பெயர் மாற்றித்தான் எழுதிவந்திருக்கிறோம்.

மாரியில் முகத்துவாரம் வெட்டும்வரை இந்த வாவி இனிக்கும், கோடையில் கரிக்கும். இரண்டுக்கும் தாக்குப்பிடிக்கிற நுளம்புக்கு இதைவிட நல்ல இடம் ஏது.

இரண்டாம் நாள் – முந்தனை ஆறு

படுவான்கரையை ஊடறுத்துக் கரடியனாற்றுக்கு வந்தோம். சிறுபோக வயல்கள் கதிர் தள்ளி நிற்கின்றன. கச்சான் காற்று கண்ணில் மண் தூவுகிறது. ஆறு ஓடவில்லை. மணலுக்குள் படுத்துவிட்டு, வளைவுகளில் மட்டும் பாய் அகலத்துக்குத் தேங்கிக் கிடக்கிறது. தெளிந்த தண்ணீர், அடியில் வெண்மணல், மேலே முழு வெயில்.

"கியூலிசிபேசீசுக்கு வீடு இதுதான்" என்றாள் கூட்டாளி.

இலங்கையின் முதன்மை மலேரியா நுளம்பு அது. அழுக்குத் தண்ணீரைத் தேடாது. சாக்கடைதான் நுளம்புக்குக் காரணம் என்று நம் சனம் நினைப்பதற்கு நேர் எதிர். 1934–35இல் தென்மேற்கு மழை பொய்த்து, எப்போதும் ஓடுகிற ஆறுகள் இப்படித் தேங்கியபோது கேகாலை, குருணாகல் பக்கம் காய்ச்சல் வெடித்தது. சுமார் 80,000 பேர் செத்தார்கள். மழை கூடினால் நோய் வரும் என்பது எல்லா ஆற்றுக்கும் பொருந்தாது. ஈரவலய ஆற்றில் வெள்ளம் குடம்பிகளைக் கழுவிக்கொண்டு போகும். வெள்ளம் நின்றால்தான் ஆபத்து.

மத்தியானம் ஒரு வாடியில் நின்றோம். காவலுக்கு இருந்த பெரியவர் தேத்தண்ணி தந்தார். என்ன வேலை என்று கேட்டவர் நுளம்பு என்றதும் சிரித்தார். "முறைக்காய்ச்சல்தானே? ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். பின்னேரம் நாலு மணி எண்டா நாலு மணிதான். வெயிலுக்க சாக்கப் போர்த்துக்கொண்டு கிடப்பம். பல்லு அடிக்கிற சத்தம் அடுத்த வாடிக்குக் கேக்கும்."

எனக்கும் அந்தச் சத்தம் தெரியும். 1999இல் இந்நாட்டில் 264,000க்கும் மேற்பட்டவர்களுக்கு மலேரியா கண்டது. அதில் ஒருத்தி நான், ஏழாம் ஆண்டில் படித்த காலம். கொக்கட்டிச்சோலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மா மூன்று சேலையைச் சேர்த்துப் போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. குளோரோகுயின் குளிசையின் கசப்பு, அதை விழுங்க அம்மா கையில் வைத்திருந்த சீனித்துண்டு, காய்ச்சல் இறங்கியதும் காதுக்குள் கேட்ட இரைச்சல் எல்லாம் இன்னும் இருக்கின்றன. வாவியைக் கடந்து ஆசுபத்திரிக்குப் போவது நினைத்த நேரம் முடிகிற காரியமாக இருக்கவில்லை. இரத்தம் எடுத்துக் கண்ணாடியில் பூசிக்கொண்டு போக வீடு வீடாக வந்தவர்கள்தான் எங்களைக் காப்பாற்றினார்கள். அண்ணனிடம் இதைச் சொன்னேன். "அந்தக் காலம் நான் இந்தப் பக்கம்தான் நிண்டன்" என்றார். எந்த வீடு என்று கேட்டார். நினைவில்லை என்று தலையாட்டினார். எத்தனை வீடு, எப்படி நினைவிருக்கும்.

இரவு மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் பெரிய வலைக் கூடாரம் அடித்து உள்ளே ஒரு நாம்பன் மாட்டைக் கட்டினார்கள். வலையின் அடியில் ஒரு சாண் இடைவெளி. நுளம்பு கீழால் நுழைந்து குடித்துவிட்டு மேலே ஏறி வலையில் உட்காரும், வெளியே போக வழி தெரியாது. கியூலிசிபேசீசுக்கு மனிதனைவிட மாட்டில்தான் விருப்பம் அதிகம். பட்டி வைத்திருந்த நம் ஊர்களில் எத்தனை கடி மாட்டின் முதுகோடு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டே படுத்தேன்.

மூன்றாம் நாள் – அதே இடம்

விடியற்காலை நாலரை. கண்ணாடிக் குழாயின் ஒரு முனை வாயில், மறுமுனை வலையில். டோர்ச் வெளிச்சத்தில் நுளம்பைத் தேடி ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுக்க வேண்டும். அனோபிலிசை அடையாளம் காண்பது லேசு. வாலைத் தூக்கி, தலையைக் குத்தி, வலையில் அடித்த ஆணி போலச் சாய்ந்து நிற்கும். வயிறு பாதி சிவப்பு, பாதி வெள்ளையாக இருப்பவற்றைக் கூட்டாளி தனியே வைத்தாள். இரத்தம் செமித்து முட்டை பாதி வளர்ந்த பெண்கள் அவை. அந்தப் பருவத்தில் சூலகத்து உயிரணுக்களில் நிறமூர்த்தங்கள் நூற்றுக்கணக்கான இழைகளைச் சேர்த்து முறுக்கிய கயிறு போலப் பருத்துக் கிடக்கும். சாயமேற்றி நசுக்கினால் கறுப்பும் வெளிறலுமாகப் பட்டைகள். எந்தப் பட்டைத்தொடர் நேராக இருக்கிறது, எது தலைகீழாகத் திரும்பியிருக்கிறது என்று வாசித்தால் இனம் தெரியும்.

இவ்வளவு பாடுபடுவது ஏன்? கியூலிசிபேசீஸ் ஒன்றல்ல, ஐந்து. ஏ, பி, சி, டி, இ. பார்வைக்கு ஐந்தும் ஒன்றுதான். ஆனால் பி மலேரியாவைப் பரப்புவதில் மிகவும் மந்தம். இலங்கையில் நெடுங்காலம் பி மட்டுமே இருக்கிறது என்று நம்பினார்கள். அப்படியென்றால் ஒரு கணக்கு இடித்தது. இந்தியாவில் நோயைச் சரியாகக் கடத்தத் தெரியாத நுளம்பு கடல் கடந்ததும் எப்படி இலட்சக்கணக்கானவர்களைப் படுக்க வைத்தது?

விடை இராமேஸ்வரத்திலிருந்து வந்தது. அந்தத் தீவில் பி போலவே இருந்தும் மலேரியாவை நன்றாகக் கடத்துகிற ஒரு நுளம்பை 1999இல் இ இனம் என்று பிரித்தார்கள். அடுத்த ஆண்டே அது இங்கும் இருப்பதைச் சுரேந்திரனும் உடன் ஆய்ந்தவர்களும் காட்டினார்கள். அதைக் காண முடியாமல் போனதற்குக் காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. பெண் நுளம்பின் நிறமூர்த்தப் பட்டைகளில் பி இனத்துக்கும் இ இனத்துக்கும் வேறுபாடே இல்லை. வேறுபாடு ஆணிடம் மட்டும் இருக்கும் வை நிறமூர்த்தத்தில். பி இனத்தின் வை ஒரு நுனியில் ஒடுங்கிய குச்சி. இ இனத்தின் வையில் அந்த ஒடுக்கம் உள்ளே தள்ளியிருக்கிறது, ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. ஆகவே கடிக்கிற தாயைப் பார்த்து இனம் சொல்ல முடியாது. அவளைத் தனியாக வைத்து முட்டையிட விட்டு, குடம்பி வளர்த்து, மகனைப் பார்த்துத்தான் தாய் யாரென்று சொல்ல வேண்டும்.

கூட்டாளி ஒவ்வொரு பெண் நுளம்பையும் ஒரு சின்னக் கோப்பையில் ஈரத்தாளோடு விட்டு, வலைத்துணியால் மூடி, எண் எழுதினாள். இருபத்திமூன்று கோப்பைகள். பிறந்த குழந்தைகளைத் தொட்டில் தொட்டிலாகக் கிடத்துகிற தாதியின் கவனம் அவள் கையில்.

தம்பி கேட்டான்: "அக்கா, நோயே இல்லையே, இனி ஏன் இது?"

நல்ல கேள்வி. உள்ளூரில் தொற்றிய மலேரியா 2012 ஒக்டோபரோடு நின்றது. 2016 செப்டம்பர் 5இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா ஒழிந்த நாடு என்று சான்றிதழ் தந்தது. போர் நடந்த, ஏழையான ஒரு நாடு செய்த மிகப்பெரிய காரியங்களில் ஒன்று இது என்று நான் வகுப்பில் சொல்வேன், மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒழிந்தது ஒட்டுண்ணி. நுளம்பு எங்கேயும் போகவில்லை, நேற்று ராத்திரி மாட்டைச் சுற்றி வந்தது அதே இனம்தான். கூட்டாளி அவனுக்கு 1963ஐச் சொன்னாள். அந்த ஆண்டு நாடு முழுவதும் 17 நோயாளிகள். வேலை முடிந்தது என்று தெளிப்பை நிறுத்தினார்கள், ஆட்களைக் குறைத்தார்கள். 1969இல் ஐந்து இலட்சத்துக்கு மேல். திரும்பி வந்து டி.டி.ரி பூச்சிமருந்து அடித்தபோது நுளம்பு பழையபடி சாகவில்லை. 1977 முதல் மலத்தியன் என்ற வேறு மருந்துக்கு மாற வேண்டி வந்தது. மருந்துக்குத் தப்பிய தாய் தப்பும் குணத்தைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அந்தப் பரம்பரையலகு சான்றிதழ் வாசிக்காது.

தம்பி ஒன்றும் பேசவில்லை. அடுத்த கோப்பைக்கு எண் எழுதினான்.

நான்காம் நாள் – தெற்கே

முழுநாளும் வீதிதான். களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி. கல்முனையில் ரயரில் காற்றுப் போய் ஒரு மணித்தியாலம் நின்றோம். மேற்கே இங்கினியாகலையில் பட்டிப்பளை ஆற்றைக் கட்டி 1950களின் தொடக்கத்தில் குடியேற்றம் செய்தது, டி.டி.ரி வந்து இந்தக் காடுகளில் மனிதர் காய்ச்சலில்லாமல் படுக்க முடிந்த பிறகே நடந்தது. அதைப் பற்றி எழுத நிறைய உண்டு, அது வேறு பயணம். இரவு பொத்துவிலில். கோப்பைகளில் பதினொன்றில் முட்டை. புள்ளி புள்ளியாக, கரித்தூள் சிந்தியது போல.

ஐந்தாம் நாள் – உகந்தை

பாணமையைத் தாண்டியதும் தார் வீதி முடிந்தது. உகந்தைமலை முருகனடியில் பாதயாத்திரைச் சனம் நிறைந்திருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வாரக்கணக்கில் நடந்து வந்தவர்கள், வாகரையிலிருந்து வந்தவர்கள், கைக்குழந்தையோடு ஒரு தாய். காட்டுவழி திறந்திருக்கிறது. இங்கிருந்து கூமுனை, கும்புக்கன் ஆறு, பிறகு யால காடு, கதிர்காமம். சுகாதாரப் பகுதியினர் போட்ட கொட்டிலில் காய்ச்சல் பார்க்கிறார்கள். "வெளிநாடு போய் வந்தீங்களா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிற அந்தக் கேள்விதான் இன்றைக்கு இந்நாட்டின் மிகப் பெரிய மலேரியாத் தடுப்பு. 2018 கடைசியில் பக்கத்து மொனராகலை மாவட்டத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரின் உடம்பிலிருந்த ஒட்டுண்ணி உள்ளூர் நுளம்பின் வழியாக இங்குள்ள ஒருவருக்குத் தொற்றியது. உடனே கண்டுபிடித்து ஒன்றோடு நிறுத்திவிட்டார்கள். கேட்கிற ஆள் இல்லாதிருந்தால் ஒன்றோடு நின்றிருக்காது.

பின்னேரம் அனுமதியோடு காட்டு விளிம்புக்குப் போனோம். செங்குரங்குக் கூட்டம் ஒன்று வீரை மரத்தில். கூட்டாளி அண்ணாந்து பார்த்தபடி, அவைக்கும் மலேரியா உண்டு என்றாள். 1960களில் பேராசிரியர் திசநாயக்கவும் மற்றவர்களும் இலங்கைச் செங்குரங்கின் இரத்தத்தில் மூன்று வகை ஒட்டுண்ணிகளைக் கண்டார்கள். அவற்றைக் கடத்துவது ஆற்று மணல் நுளம்பு அல்ல, காட்டு நிழலில் வாழும் வேறொன்று. முன்பு எலிகன்ஸ் என்றார்கள், இப்போது மிரான்ஸ். இதன் உறவு நுளம்புகள் தென்கிழக்காசியக் காடுகளில் யானைக் காலடிக் குழியிலும் விழுந்த இலைக்குள்ளும் தேங்கிய நிழல் தண்ணீரில் முட்டையிடும். அங்கே நடந்ததைக் கேட்டு எனக்குக் குளிர்ந்தது. மனிதருக்குரிய மலேரியாவை மலேசியா 2018 முதல் உள்நாட்டில் இல்லாமல் செய்துவிட்டது. ஆனால் குரங்கின் நோலெசி மலேரியா ஒவ்வொரு ஆண்டும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வருகிறது. காட்டை வெட்டித் தோட்டமாக்க, குரங்கும் நுளம்பும் மனிதரும் ஒரே விளிம்பில் சந்தித்துக்கொள்கிறார்கள். நம் குரங்கில் உள்ள சைனோமோல்ஜி வகையின் சொந்தமும் அங்கே மனிதரில் கண்டிருக்கிறார்கள்.

யானைக் காலடிகளில் தேடினோம். எல்லாம் காய்ந்த சேறு. நிழல் நுளம்பு ஒன்றும் கிடைக்கவில்லை. காட்டை அழிக்காமல் விட்டால் அது அங்கேயே குரங்கோடு கிடக்கும், நம்மைத் தேடி வராது என்பது என் நம்பிக்கை.

ஆறாம் நாள் – கும்புக்கன் ஆறு

இருகரையும் மருத மரம். ஒரு ஓரமாய் முழங்கால் அளவு ஓட்டம், மற்றதெல்லாம் மணல். சில இடங்களில் பவுசரில் தண்ணீர் வருகிறது. ஆனாலும் பழக்கமான சனம் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித்தான் குடிக்கிறது. முழங்கை ஆழம் போனால் கண்ணாடி போலத் தண்ணீர்.

முந்தின கூட்டம் விட்டுப்போன ஊற்று ஒன்றில் அண்ணன் குந்தினார், வெயிலுக்கு முகம் காட்டி. அகப்பை பெரிது, குழிக்குள் போகவில்லை. ஒரு கரண்டியால் கோரினார். படுத்த கோடுகள். முந்தனை ஆற்றில் பார்த்த அதே கிடை.

அப்போது ஒரு பெத்தம்மா வந்தார். காவி கட்டி, தலையில் சின்ன மூட்டை, கையில் சிரட்டை. குழியடியில் உட்கார்ந்து முதல் தண்ணீரை இறைத்து மணலில் ஊற்றத் தொடங்கினார்.

"அம்மா, அதுக்குள்ள நுளம்புக் குடம்பி கிடக்கு. தள்ளிப் புதுசாத் தோண்டித் தாறன்" என்றார் அண்ணன்.

"கிடக்கட்டும் மனே. முதத் தண்ணி எப்பவும் மண்ணுக்குத்தான். ரெண்டாவது ஊறினதத்தான் குடிப்பம். எங்கட அம்மா அப்படித்தான் சொல்லித் தந்தவ."

இறைத்த தண்ணீர் விழுந்த இடத்தில் வெண்மணல் ஒரு நொடி கறுத்துப் பிறகு வெளுத்தது. நாலு குடம்பிகள் துள்ளி அடங்கின. எத்தனை தலைமுறையாக இந்த வழியில் அந்த முதல் தண்ணீர் மண்ணுக்குப் போயிருக்கும். குடிக்கிறவருக்கு அது போதும். ஆனால் அவர் எழுந்து போன பிறகும் குழி திறந்தபடி கிடக்கும். முட்டை வெடிக்க இரண்டு நாள், குடம்பி நுளம்பாக ஒரு வாரம் பத்து நாள். காட்டுவழி திறந்திருப்பது அதைவிடக் கூடிய காலம். முன்னால் போகிறவர் ஒருவரின் இரத்தத்தில் ஒட்டுண்ணி இருந்தால் போதும்.

தம்பி காலால் மணலைத் தள்ளிப் பழைய குழியை மூடப் போனான்.

"மூடாத தம்பி" என்றார் பெத்தம்மா. "பின்னால சனம் வருது. சனம் வராட்டி மான் மரை குடிக்கும். காட்டுல தண்ணிய மூடுறது பாவம்."

கூட்டாளி என்னைப் பார்த்தாள். எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. இருவர் சொல்வதும் சரி.

அண்ணன் குழியை அடிவரை இறைத்தார். சாரன் துண்டால் வடித்து, சிலவற்றைப் போத்தலில் எடுத்து, மற்றதைச் சுடுமணலில் கொட்டினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கங்களிலிருந்து தண்ணீர் கசிந்து, கலங்கி, தெளிந்து, பழைய மட்டத்துக்கு வந்தது. பெத்தம்மா ஒரு சிரட்டை மொண்டு குடித்துவிட்டு எனக்கும் நீட்டினார். குளிர்ந்து, மணல் வாசத்தோடு இருந்தது.

அண்ணன் கொப்பியை எடுத்தவர் எழுதாமல் தம்பியிடம் கொடுத்தார். "நீ எழுது. கும்புக்கன் ஆறு, இடது கரை. ஊற்று. தெளிஞ்ச தண்ணி, முழு வெயில். குடம்பி பதினாறு."

"எத்தின மணி, அண்ணன்?"

"ஒம்பது இருவது. அடுத்த குழியில நீ கோரு."